முதல் வரிசை, முதல் கட்டம்

நிறம் பூசினால் கதவைச் சாத்தியதாகிவிடாது. இதை நான் அவரிடம் அன்றைக்கே வாய் வலிக்கச் சொன்னேன். "அண்ணே, புக்கிங் பக்கத்துல சீட்டுக் கட்டத்துக்குச் சாம்பல் நிறம் அடிக்கிறது வேற, சீட்டை விக்காம நிறுத்துறது வேற. அடிச்சா மூடின மாதிரி தெரியும், அவ்வளவுதான். மூடாது" என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். ஆட்டி முடித்துவிட்டு, "நீ சாம்பலடிச்சு விடு தாயி. மூடின மாதிரி தெரிஞ்சாப் போதும்" என்றார். அப்புறம் எதற்கு என்னை இவ்வளவு பேச விட்டார் என்று எரிச்சலாக வந்தது. ஆனால் எரிச்சலைக் காட்டக்கூடிய நேரமா அது? அவருடைய மகளுக்குக் கருமாதி முடிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். மறையூரிலிருந்து காலையில் மூணாறு போய்ச் சாயங்காலம் திரும்பும் வேன் ஒன்று அவருக்குச் சொந்தம். அவரேதான் ஓட்டுகிறார். நான் வீட்டிலிருந்தபடி இணையப் பக்கங்கள் செய்து கொடுக்கிறவள். ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள், வெல்லம் விற்பவர்கள், ஜீப்பில் சுற்றிக் காட்டுபவர்கள் என்று எனக்கு வருகிற ஆட்கள் எல்லோரும், "சின்ன வேலைதான்" என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். சின்ன வேலை என்று ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

வேனுக்கு இணையப் பக்கம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது அவர் மகள்தான். ஒரே பிள்ளை. வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். நானும் அப்படியேதான் கூப்பிடுவேன். படிப்பு முடித்து மூணாறில் ஒரு ஹோட்டலில் வரவேற்பில் வேலை பார்த்தாள். தினமும் அப்பாவோடு வேனில் போய், அப்பாவோடு வேனில் திரும்புவாள். ஓட்டுநருக்கு இடப்பக்கம் இருக்கிற முன் சீட்டு அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாக்காரர்கள் ஏறினால் மட்டும் எழுந்து கொடுத்துவிடுவாள். "முன்னாடி உக்காருங்க, மலை நல்லாத் தெரியும்" என்று சொல்லி, அவர்களில் ஒருவரைத் தன் இடத்தில் உட்கார வைத்துவிட்டுப் பின்னால் போய் நெருக்கியடித்து உட்கார்வாள். இதைச் சொல்லும்போது அவளுக்கு ஒரு பெருமை வரும் பாருங்கள், ஏதோ அந்த மலையைக் கட்டியதே இவள்தான் என்பது மாதிரி.

ஒவ்வொரு நாளும் காலையில் வண்டி எடுக்கும்முன் அவர் இரண்டு முழம் பூ வாங்குவார். ஒரு முழம் கண்ணாடிக்கு மேலே இருக்கும் சாமி படத்துக்கு. இன்னொரு முழம் முன் சீட்டில் இருக்கும் சாமிக்கு என்று கேலியாகச் சொல்லி மகள் கையில் கொடுப்பார். அவள் அதைத் தலையில் வைத்துக்கொண்டு சீட்டுப் பெல்ட்டை இழுத்து மாட்டிய பிறகுதான் வண்டி நகரும்.

மறையூரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கரும்பு வயல் தாண்டி, சந்தனக் காட்டுக் கம்பி வேலி தாண்டி, தேயிலைக்குள் ஏற ஏற வேறு ஊராகிவிடும். மழைக்காலத்தில் மூடுபனி இறங்கினால் வண்டியின் மூக்குகூடத் தெரியாது. எதிரே லாரி வரும் பயத்தில் இடப்பக்கமாக ஒதுங்க வேண்டும்; ரொம்ப ஒதுங்கினால் மலையை ஒட்டி ஓடும் வாய்க்காலுக்குள் சக்கரம் இறங்கிவிடும். அப்போது அவர், "ஓரம் பாரு பாப்பா" என்பார். அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்து, "ஒரு முழம் இருக்குப்பா" என்பாள். "அரை முழந்தான், அங்கிட்டு வாங்க" என்பாள். "பூக்காரி மாதிரி எல்லாத்துக்கும் முழம் போடாதடி" என்று அவர் கேலி செய்வார். "சரி பாப்பா" என்று சொல்லி ஸ்டியரிங்கைத் திருப்புவார். இந்தப் பேச்சு அந்த வேனில் அடிக்கடி போகிற எங்கள் எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. தூக்கத்தில் திடுக்கிட்டு விழிக்கிறவர்கள்கூட அந்த "சரி பாப்பா" காதில் விழுந்தால் மறுபடி கண்ணை மூடிக்கொள்வார்கள்.

பக்கம் செய்யும்போது அவள் என் வீட்டிலேயே பழியாகக் கிடந்தாள். புக்கிங் ஏற்பாடு ஒரு வெளிக் கம்பெனியுடையது. அவர்கள் கொடுப்பது ஒரு வெற்று அட்டவணை. வேனில் எத்தனை வரிசையோ அத்தனை வரிசை, ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு கட்டம். அதற்கு உடுப்பு மாட்டுவதுதான் என் வேலை. எந்தக் கட்டத்துக்கு எந்த நிறம் என்று சி.எஸ்.எஸ். என்கிற மொழியில் எழுத வேண்டும். நிறத்தைச் சொல்லும்முன் கட்டத்தின் விலாசத்தைச் சொல்ல வேண்டும். அந்த விலாசத்துக்குச் செலக்டர் என்று பெயர். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கட்டம், ஒற்றைப்படை வரிசை மட்டும், கடைசி வரிசையில் கடைசிக்கு முந்தினது, இப்படி எப்படி வேண்டுமானாலும் சுட்டலாம். பாப்பா இதைப் பார்த்துவிட்டுக் குதித்தாள். "அத்தை, அப்ப ஜன்னல் சீட்டுக்கெல்லாம் கத்திரிப்பூ கலர் அடிங்க." அடித்தேன். "விரல் வச்சா மஞ்சளாகணும்." ஆக்கினேன். "மஞ்சள் ரொம்ப அடிக்குது, கொஞ்சம் வெளுக்கட்டும்." எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஹோட்டல் வரவேற்பில் இருக்கிற பெண் எனக்கு நிறம் சொல்லிக் கொடுக்கிறாளாம். வெளுக்க வைத்த பிறகு பார்த்தால் அவள் சொன்னதுதான் நன்றாக இருந்தது. அதை அவளிடம் சொல்லிவிட்டால் அப்புறம் பிடிக்க முடியாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு வரி விவரம் எழுத இடம் கொடுத்திருந்தார்கள். அது திரையில் தெரியாது. கண் பார்வை இல்லாதவர்கள் போனைப் பேச வைத்துக் கேட்பார்கள் அல்லவா, அவர்களுக்கு மட்டும் காதில் விழும். நான் சும்மா "சீட்டு ஒன்று, சீட்டு இரண்டு" என்று நிரப்பிவிடலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. முறுக்கைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டினாள். என்ன எழுதினாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. அடுப்பில் பால் வைத்திருந்தேன்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்கு எலிக்காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நினைத்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள். இதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

கருமாதி முடிந்த மறுநாளே அவர் வண்டியை எடுத்துவிட்டார். இரண்டு முழம் பூ வாங்கினார். ஒன்றைச் சாமி படத்துக்குப் போட்டார். இன்னொன்றை முன் சீட்டில் வைத்தார். எப்போதும் வருகிற கூட்டம் அதைப் பார்த்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டது. எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் புக்கிங் பக்கத்துக்கு யார் சொல்வது? அந்த ஞாயிற்றுக்கிழமை எர்ணாகுளத்திலிருந்து வந்த ஓர் ஆணும் பெண்ணும் முன் சீட்டுக்கும் அதற்குப் பின் சீட்டுக்குமாக டிக்கெட் எடுத்து வந்து நின்றார்கள். அவர் சீட்டின் மேல் கையை வைத்து மறித்துக்கொண்டு, "ஈ சீட் இல்லா" என்று மலையாளத்தில் சொன்னார். பிறகு எதற்குப் புக்கிங்கில் காட்டுகிறீர்கள் என்று அந்த ஆள் கேட்டது நியாயமான கேள்விதான். பேச்சு முற்றிச் சத்தமாகி, கடைசியில் அவர்கள் ஆட்டோ பிடித்துப் போனார்கள். இவர் நேராக என்னிடம் வந்தார்.

"அந்த சீட்ல வேற ஆளு உக்காந்தா, அன்னைக்கே சாவியக் கழட்டி வச்சிருவேன் தாயி. பெறகு ஸ்டியரிங்கத் தொடமாட்டேன்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அன்று சாயங்காலம் மதினி, அவர் மனைவி, வேலிப் பக்கம் வந்து நின்றார். "சாவிய வச்சிட்டார்னா அந்த மனுசன் எந்திரிக்கவே மாட்டாரு. வண்டி ஓட்டுறதாலதான் குளிக்கிறாரு, சாப்பிடுறாரு. எப்படியாச்சும் அந்த சீட்ட மறைச்சு விடு" என்றார். மதினி அழவில்லை. நான்தான் அழுதேன்.

கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். உள்ளே சீட்டை நிறுத்த அவர்களால்தான் முடியும். அவர்களிடமிருந்து பதில் வருவதற்குள் நமக்கு நரை தட்டிவிடும். என் கையில் இருந்தது உடுப்பு மட்டும். முதல் வரிசை, முதல் கட்டம்: சாம்பல் நிறம், விரல் வைத்தால் அழுந்தாது என்று இரண்டு வரி எழுதினேன். அந்த மொழியில் ஒரு வரிசையின் முதல் கட்டத்தை முதல் பிள்ளை என்றுதான் சொல்வார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷில் இருந்ததால் பிழைத்தேன். அதன் அர்த்தத்தை அவருக்கு நான் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் போனுக்கு மேல் போன். "வண்டி இன்னைக்கு மறையூர்லேர்ந்து கிளம்பாதா?" என்று ஒரே கேள்வி. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பக்கத்தைத் திறந்து பார்த்தால் நல்ல கூத்து. கீழே வண்டி நேர அட்டவணை ஒன்று இருக்கிறது. அதிலும் முதல் வரிசை, முதல் கட்டம் இருக்கிறதே! அதில் இருந்தது "மறையூர்". எங்கள் ஊரே சாம்பலடித்துக் கிடந்தது. எந்த அட்டவணை என்று சொல்லாமல் விட்டால் பக்கத்தில் இருக்கிற எல்லா அட்டவணையின் முதல் கட்டத்துக்கும் அது போய் ஒட்டிக்கொள்ளும். சீட்டு அட்டவணைக்கு மட்டும் தனியாக ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரையும் விலாசத்தில் சேர்த்து எழுதினேன். ஊருக்கு நிறம் திரும்பியது. முன் சீட்டு மட்டும் சாம்பலாக நின்றது.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சில நாள் கழித்து அவர் போன் செய்தார். மலையில் எங்கோ வளைவில் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசினார். "தாயி, இப்ப சீட்டு திறந்து இருந்துச்சு. வெள்ளையா இருந்துச்சு. பெறகு மூடிக்கிச்சு" என்றார்.

எனக்கு உடனே புரிந்தது. மலையில் சிக்னல் இழுத்துப் பறித்து வரும். அட்டவணை முதலில் வந்துவிடும். உடுப்பு பின்னால் வரும். அந்த இடைவெளியில் எல்லாக் கட்டமும் வெறும் வெள்ளையாக நிற்கும். முன் சீட்டும் மற்றதைப் போலக் காலியாக, யாருக்காகவோ காத்திருக்கிற மாதிரி தெரியும். பிறகு சாம்பல் வந்து விழும். இதை அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். உடுப்பு வரிகளைப் பக்கத்தோடேயே சேர்த்துவிட்டால் அந்த மினுக்கல் நின்றுவிடும், இன்றைக்கே செய்துவிடுகிறேன் என்றேன்.

"வேணாம்" என்றார். சட்டென்று சொன்னார். பிறகு, "நல்ல சிக்னல் இருக்குற எடத்துல அப்படி வர மாட்டேங்குது. இங்கன மட்டுந்தான் வருது" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனிதர் அந்த வளைவில் தினமும் வண்டியை நிறுத்தி, பக்கத்தைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த வெள்ளைக்காக. போனை வைத்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அட கடவுளே, நான் என்ன எழுதி வைத்திருக்கிறேன் என்று அந்த இரண்டு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் என் நெட்டை மெதுவாக்கி ஒருமுறை திறந்து பார்த்தேன். வெள்ளை, பிறகு சாம்பல். இன்னொரு தடவை பார்க்கத் துணிவு வரவில்லை.

வேனில் போவதும் முன்போல இல்லை. மூடுபனி இறங்கினால் அவர் அதே பழக்கத்தில், "ஓரம் பாரு பாப்பா" என்பார். சொல்லிவிட்டு ஒரு நொடி காத்திருப்பார். பூ சீட்டின் மேல் அசைந்துகொண்டிருக்கும். பிறகு ஒன்றும் நடக்காதது போல வண்டியை நிறுத்துவார், டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்குவார், வாய்க்கால் எங்கே இருக்கிறது என்று தானே போய்ப் பார்த்துவிட்டு வந்து ஓட்டுவார். ஒவ்வொரு முறையும் இப்படியே. வேலைக்குப் போகிறவர்களுக்குத் தாமதமாகும். ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிற ஓர் அம்மா எங்களோடு வருவார். வாய் ஓயாமல் எல்லோரையும் வம்புக்கு இழுக்கிறவர். அவர்கூட அந்த நேரத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே பார்ப்பார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை அந்த வங்கிக்காரர் வந்தார்.

மூணாறில் ஒரு ஹோம்ஸ்டேக்காரரைப் பார்க்க நானும் அன்று வேனில் இருந்தேன். வண்டி கிளம்பத் தயாராக இருந்தது. வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு, முதுகில் பையோடு, முப்பது முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் வந்து முன் கதவைத் தடவிப் பிடித்தார். "வணக்கமுங்க. மூணாறு வண்டி இதுதானுங்களே? எனக்கு முன் சீட்டு போட்டிருக்குதுங்க" என்றார். பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர், மூணாறு வங்கிக் கிளைக்கு மாற்றலாகி வந்திருக்கிறார், மூணாறு குளிர் ஒத்துக்கொள்ளாமல் மறையூரில் அறை எடுத்திருக்கிறார் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் சாம்பல் நிறம் இவருக்குத் தெரிந்திருக்காது. விரல் வைத்தால் அழுந்தாது என்ற என் கட்டளையும் பேசும் போனிடம் செல்லாது. அது விரலை நம்பி இருப்பதில்லை, நேராகக் கட்டத்தையே திறந்துவிடும்.

நான் ஓட்டுநர் அண்ணனைப் பார்த்தேன். அவர் கை சாவியின் மேல் இருந்தது. கழட்டி வைத்துவிடுவேன் என்று சொன்ன அதே சாவி. மதினியின் முகம் கண் முன்னால் வந்தது. எழுந்து, "சார், புக்கிங்ல தப்பு நடந்துருச்சு, பின்னாடி வந்துருங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் அந்த மனிதர் கதவைத் திறந்து சீட்டைத் தடவியிருந்தார். கையில் பூ பட்டது. உடனே கையை எடுத்துக்கொண்டார். "அடடா, ஆரோ எடம் புடிச்சு வெச்சிருக்காங்களாட்ட இருக்குதே. இங்க ஆளு இருக்குதுங்களா?" என்றார்.

பிறகு அவரே சிரித்துக்கொண்டே, "இல்லீங்க, போன் காலின்னு சொல்லுச்சு. அதுமட்டுமில்லீங்க, 'முன்னாடி உக்காருங்க, மலை நல்லாத் தெரியும்'னு சொல்லுச்சுங்க. எனக்கே அப்படிச் சொல்லுதேன்னு சிரிப்பு வந்துருச்சுங்க. அதுக்காகவே எடுத்துட்டேன்" என்றார்.

பின்னாலிருந்த அந்த ஹோட்டல் அம்மா, "ஐயோ" என்றார். சத்தமாகக்கூட இல்லை. முறுக்குத் தூள் ஒட்டிய விரலால் பாப்பா தட்டிக்கொண்டிருந்தது கண்ணில் வந்து நின்றது.

அவர் சாவியிலிருந்து கையை எடுத்தார். தன் மகளின் வாக்கியத்தை முன்பின் தெரியாத ஓர் ஆள் வாயிலிருந்து கேட்டுக்கொண்டு, அந்த ஆளின் முகத்தையே பார்த்தார். பிறகு, "ஆளு இல்லீங்க" என்றார். திரும்பவும் சொன்னார். "ஆளு இல்ல. உக்காருங்க."

அவள் இறந்த பிறகு, அவள் இல்லை என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இந்தப் பூவ என்ன பண்ணட்டுமுங்க?" என்று கேட்டார் வங்கிக்காரர். "கையில வச்சிருங்க" என்றார் இவர். வண்டி கிளம்பியது. வங்கிக்காரர் பூவைப் பதமாக இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் பாதி இறங்கியிருந்தது. அவள் விட்டுவிட்டுப் போன அளவில் அப்படியே இருந்தது. கரும்பு வயல் போயிற்று, கம்பி வேலி போயிற்று. அந்த மனிதர் மட்டும் காற்று மாறுவதைச் சொல்லிக்கொண்டே வந்தார். வெல்லம் காய்ச்சுற வாசம் நின்னுபோச்சுங்க, குளிர ஆரம்பிச்சுருச்சுங்க என்று. ஓட்டுகிறவர் "உம்" கொட்டினார்.

தேயிலைக்குள் நுழைந்த கொஞ்ச தூரத்தில் மூடுபனி இறங்கியது. சாதாரணமாக இல்லை, கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே இல்லாமல் போயிற்று. எதிரே லாரி ஹாரன் கேட்டது. அவர் இடப்பக்கம் ஒதுங்கினார். பழக்கம் விடுமா? "ஓரம் பாரு பாப்பா" என்றார்.

சொன்ன பிறகு அவரே விறைத்துப்போனார். நான் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

வங்கிக்காரர் தலையை ஜன்னல் பக்கம் சாய்த்தார். பூவைப் பிடித்திருந்த ஒரு கையை வெளியே நீட்டினார். "என்னையத்தான் கேட்டீங்களா? எனக்குப் பாக்கத் தெரியாதுங்களே" என்றார். கொஞ்சம் கேட்டுவிட்டு, "தண்ணி ஓடற சத்தம் கிட்டக்க வருதுங்க. செடியும் கைல படுது. ஒரு மொழம் இருக்குமுங்க, அதுக்கு மேல இல்ல" என்றார்.

கையில் பூவை வைத்துக்கொண்டிருக்கிற மனிதன் முழம் என்றுதான் சொல்வான். எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் முழம் என்றுதான் சொல்வார்கள். இதில் பயப்பட ஒன்றுமே இல்லை என்று நான் எனக்குள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். கை முடியெல்லாம் குத்திட்டு நின்றது.

அவர் வண்டியை நிறுத்தவில்லை. டார்ச்சைத் தேடவில்லை. "சரி" என்றார். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினார். லாரி எங்களை உரசிக்கொண்டு போயிற்று. மூணாறு வரைக்கும் அவர் கேட்டுக்கொண்டே வந்தார், வங்கிக்காரர் சொல்லிக்கொண்டே வந்தார். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. கண்ணீர் தாடைவரை ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவருக்கு அது தெரிய வழியில்லை.

மூணாறில் எல்லோரும் இறங்கிப் போன பிறகு நான் நின்றேன். அன்று காலையில்தான் கம்பெனியிலிருந்து பதில் வந்திருந்தது, என் தலைவிதியைப் பாருங்கள். சீட்டை உள்ளேயே நிறுத்தித் தருகிறோம், உங்கள் சம்மதம் மட்டும் போதும் என்று எழுதியிருந்தார்கள். "அண்ணே, இனிமே இப்படி நடக்காது. இன்னைக்கே அடைச்சிருவாங்க" என்றேன்.

"அந்த மலை நல்லாத் தெரியும்ங்கிறத அவரு போனுக்குள்ள யாரு எழுதுனது?" என்று கேட்டார்.

"பாப்பாதான். என் வீட்டுல உக்காந்து எழுதுனா. அது திரையில தெரியாதுண்ணே, கேக்குறவங்களுக்கு மட்டுந்தான்."

அவர் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அடைக்கச் சொல்லாத தாயி" என்றார். "பாக்குறவுகளுக்கு மூடியே இருக்கட்டும். அவருக்குத் திறந்து இருக்கட்டும். அவ கூப்பிட்டுத்தான வந்தாரு."

கம்பெனிக்கு வேண்டாம் என்று எழுதினேன். அவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

அந்த ஏற்பாடு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. வேலை நாட்களில் வங்கிக்காரர் முன் சீட்டில் வருகிறார், பூவைக் கையில் ஏந்திக்கொண்டு. யாருடைய பூ என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மற்ற நாட்களில் சீட்டு காலி. திரையில் சாம்பல், சீட்டின் மேல் பூ. வருஷத் திவசம் முடிந்தபோது மதினி, "இப்ப நிறத்த எடுத்துறலாமா?" என்று என்னைக் கேட்டார். அவரிடமே கேளுங்கள் என்றேன். அதன் பிறகு அந்தப் பேச்சே வரவில்லை.

போன மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வேனில் போனேன். முன் சீட்டுக்கு நேர் பின்னால், ஜன்னல் பக்கம் எனக்கு இடம் கிடைத்தது. அன்றைக்கு வங்கிக்காரர் இல்லை. தேயிலைக்குள் நுழைந்ததும் பனி மூடிக்கொண்டது. வண்டி மெதுவாகி இடப்பக்கம் ஒதுங்கியது.

"ஓரம் பாரு பாப்பா" என்றார்.

டார்ச்சோடு இறங்கப் போகிறார் என்று நான் நினைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முன் சீட்டில் பூ மட்டும் இருந்தது. அவர் வழக்கமான ஒரு நொடி காத்திருந்தார். காதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்த்தார்.

"சரி பாப்பா" என்றார். ஸ்டியரிங்கைத் திருப்பிப் போய்க்கொண்டே இருந்தார்.

நான் அவசரமாக ஜன்னலைத் தள்ளித் தலையை நீட்டிக் கீழே பார்த்தேன். சக்கரத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது.